கையொப்பமும் கதவும்

நார்வே நாட்டு நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சனின் ‘பொம்மை வீடு’ பற்றி யார் பேசத் தொடங்கினாலும், அந்தக் கதவைப் பற்றித்தான் பேசுவர். மூன்றாம் அங்கத்தின் முடிவில் நோரா, கணவனிடம் மணமோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உறங்கும் மூன்று குழந்தைகளைப் பாராமலே வெளியேறுகிறாள். கீழே வாயிற்கதவு அறைந்து சாத்தப்படும் ஓசை கேட்கிறது. திரை விழுகிறது. 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் கோபன்ஹேகன் நகரத்து அரசு நாடக அரங்கில் முதன்முதலாகக் கேட்ட அந்த ஓசை, ஐரோப்பாவின் நடுக்கூடங்களையெல்லாம் அதிர வைத்தது. திகைத்தனர் மதகுருமார், சீறினர் சீமான்கள், சிந்திக்கத் தலைப்பட்டனர், அதுவரை சிந்திக்க வேண்டாமென்று சொல்லப்பட்டிருந்தவர்கள்.

அந்தக் கதவை அடையுமுன் நோரா கடந்து வந்த வேறொன்று உண்டு. அது ஒரு தாள். கடைத்தெருவில் புரோநோட்டு என்கிறோமே, அத்தகைய கடன் பத்திரம். அதன் அடியில் ஒரு கையொப்பம். நாடகம் முழுவதும் அந்தக் கையொப்பத்தின் மீதுதான் நிற்கிறது. கைதட்டியவர்களும் கல்லெறிந்தவர்களும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தனர். நாம் இங்கே அந்தத் தாளைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

கதை எளியது. ஹெல்மர் என்பவன் வழக்கறிஞன். புத்தாண்டு முதல் வங்கியொன்றின் மேலாளனாகப் போகிறவன். மணமாகி எட்டாண்டுகள். முதலாண்டில் அவன் உழைப்பு மிகுதியால் நோயுற்றுச் சாகக் கிடந்தான். தெற்கே வெப்ப நாட்டுக்குச் சென்றாலன்றிப் பிழைக்கமாட்டான் என்றனர் மருத்துவர். கடன் வாங்குவதை அவனோ இழிவாகக் கருதுகிறவன். நோரா, கணவனுக்குத் தெரியாமல், குரோக்ஸ்டாட் என்பவனிடம் 1,200 ஸ்பெசிடாலர், அதாவது 1875-க்குப் பின் வந்த நாணயக் கணக்கில் 4,800 குரோனர், கடன் பெறுகிறாள்; தந்தை கொடுத்த பணம் என்று சொல்லிக் கணவனை இத்தாலிக்கு அழைத்துச் சென்று காப்பாற்றுகிறாள். ஆனால் கடன் கொடுத்தவன், அவளுடைய தந்தையின் கையொப்பம் பிணையாக வேண்டும் என்றிருந்தான். தந்தையோ மரணப் படுக்கையில். அவரை வருத்த மனமின்றி அவர் பெயரைத் தானே எழுதிவிடுகிறாள். தந்தை இறந்தது செப்டம்பர் 29. பத்திரத்தில் அவர் கையொப்பத்துக்கு எதிரே இருக்கும் நாள் அக்டோபர் 2. இறந்து மூன்று நாள் சென்று ஒருவர் பிணை நிற்கிறார்! அன்புக்கு நாட்காட்டி பார்க்கத் தெரியவில்லை. சட்டத்துக்கு அது தெரியும்.

ஏன் இந்தக் கள்ளக் கையொப்பம்? அவள் பொய்க்காரி என்பதாலா? செலவாளி என்பதாலா? ஹெல்மர் அப்படித்தான் எண்ணுகிறான். தகப்பனிடமிருந்து வந்த குணம் என்கிறான். உண்மை வேறு. அன்றைய நார்வேச் சட்டப்படி மணமான பெண், கணவன் ஒப்புதலின்றிக் கடன் வாங்க முடியாது. நாடகத்தின் முதல் அங்கத்திலேயே நோராவின் தோழி லிண்டே அம்மையார் இதனை எடுத்துச் சொல்லிவிடுகிறார். ஆக, கணவன் உயிரைக் காக்கக் கடன் வேண்டும். கடனுக்குக் கணவன் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கேட்டாலோ அவன் கொடுக்கமாட்டான். இந்த மூன்று சுவர்களுக்கு நடுவில் நிறுத்தப்பட்டவள், ஆடவர் பெயர் ஒன்றை எழுதாமல் எப்படி வெளிவருவாள்? பெண்ணின் கையொப்பத்துக்கு மதிப்பில்லை என்று விதித்தவர்கள், அவள் ஆணின் கையொப்பத்தை இட்டபோது, ஐயோ மோசடி என்று அலறினர்!

இதிலே ஒரு கொடிய வேடிக்கை உண்டு. மணமாகாத பெண்ணுக்கு நார்வேயில் 1845-லேயே ஓரளவும், 1863-ல் முழுமையாகவும் உரிய வயது வந்தோர் நிலை அளிக்கப்பட்டுவிட்டது. கைம்பெண்ணுக்கும் அந்த நிலை உண்டு. பெண்மக்களுக்கு ஆண்மக்களோடு ஒத்த வாரிசுரிமை 1854-ல் வந்தது. இருபத்தைந்து வயதுக் கன்னி தன் சொத்தைத் தானே ஆளலாம். மணமேடையிலிருந்து இறங்கியதும் அவள் மறுபடியும் சிறுமி! கணவன் மாண்டால் மீண்டும் பெரியவள்! வயது ஏறுவது எல்லார்க்கும் இயல்பு. திருமணம் என்ற ஒரே சடங்கு அவள் வயதை இறக்கியது. பொம்மை வீடு என்ற தலைப்பை வெறும் உவமை என்று எண்ணுவோர் இந்தச் சட்டங்களைப் புரட்டிப் பார்க்கவேண்டும்.

இத்தகைய செய்தியை மேடைக்குக் கொண்டுவர ஒரு புதிய நாடக முறை தேவைப்பட்டது. இப்சனும் முதலில் ‘பிராண்ட்’, ‘பீர் கிண்ட்’ எனச் செய்யுள் நாடகங்களே இயற்றினார். 1877-ல் வெளியான ‘சமுதாயத் தூண்கள்’ முதற்கொண்டு, அன்றாட உரைநடையில், அன்றாட மாந்தரை, அன்றாட அறைக்குள் நிறுத்தினார். அரசன் இல்லை, அரியணை இல்லை, வாளேந்திய வீரன் இல்லை. கணப்படுப்பு, நாற்காலி, கிறிஸ்துமஸ் மரம், பூட்டிய கடிதப்பெட்டி. அந்தக் கடிதப்பெட்டியைப் பாருங்கள்: கண்ணாடி வைத்தது; உள்ளே கிடக்கும் கடிதம் நோராவின் கண்ணுக்குத் தெரிகிறது; திறவுகோலோ கணவனிடம் மட்டும். குடும்பச் சட்டம் பற்றி ஒரு நூல் எழுதினாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியுமா? நடப்பியல் நாடகம் என்பது வீட்டுச் சாமான்களை மேடையில் அடுக்குவது என்று சிலர் கருதுகின்றனர். எந்தச் சாமானின் திறவுகோல் யார் கையில் இருக்கிறது என்று காட்டினால்தான் அது நடப்பியல்.

இப்சனின் வாழ்வும் இதற்கு அவரை ஆயத்தம் செய்திருந்தது. 1828-ல் ஷீயென் நகரில் செல்வரான வணிகர் வீட்டில் பிறந்தவர்; சிறுவயதிலேயே தந்தை கடனில் மூழ்கி நொடித்துப் போனதைக் கண்டவர். கடன் பத்திரம் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை அவர் நூலில் படித்தறியவில்லை. பதினைந்தாம் வயதில் வீட்டை விட்டு வெளியேறி, கிரிம்ஸ்டாட் என்ற சிற்றூரில் மருந்துக்கடைப் பயிற்சியாளராயிருந்தபோது, அங்குப் பணிப்பெண்ணாயிருந்த, தம்மினும் பத்து வயது மூத்த ஒருவர்க்கு 1846-ல் மகனைத் தந்தவரும் அவரே. பராமரிப்புத் தொகை கட்டினார், உறவு கொண்டாடவில்லை. பெரியவர்களின் வரலாற்றில் இத்தகைய பக்கங்களைக் கிழித்தெறிவது நம் வழக்கமன்று. ஆயினும் அந்த மனிதர்தான் 1878 அக்டோபரில், ரோமாபுரியில் இருந்தபடி, புதிய நாடகத்துக்கான குறிப்பொன்றில், சட்டங்களை எழுதியவரும் தீர்ப்பளிப்பவரும் ஆடவரே ஆன சமுதாயத்தில் ஒரு பெண் தன் இயல்போடு வாழ இயலாது என்ற கருத்தை எழுதிவைத்தார்.

எழுதியதோடு நிற்கவில்லை. ரோமில் ஸ்காண்டிநேவியர்களுக்கென ஒரு கழகம் இருந்தது. 1879-ன் தொடக்கத்தில் அதன் நூலகர் பணிக்குப் பெண்களையும் அமர்த்தலாம் என்றும், கழகக் கூட்டங்களில் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்றும் இரு தீர்மானங்கள் கொண்டுவந்தார். நூலகர் தீர்மானம் நிறைவேறிற்று. வாக்குரிமைத் தீர்மானம் ஒரே ஒரு வாக்குக் குறைவால் வீழ்ந்தது. சில நாள் கழித்துக் கழகத்தின் விருந்தொன்றுக்குப் பதக்கங்கள் அணிந்து வந்த இப்சன், எதிர்த்தவர்களை, அவர்களுள்ளும் தமக்கே தீங்கு தேடிக்கொண்ட பெண்களை, இடித்துரைத்தார். சீமாட்டி ஒருத்தி மயங்கி விழுந்தாள் என்று உடனிருந்த எழுத்தாளர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். அவ்வாண்டுக் கோடையில், இத்தாலியின் கடற்கரை ஊரான அமால்ஃபியில், நோராவின் கதை முற்றுப்பெற்றது.

ஆனால் நோரா கற்பனையில் முளைத்தவளல்லள். அவளுக்கு முன் ஒருத்தி இருந்தாள்.

லாரா பீட்டர்சன் என்ற இளம்பெண், இப்சனின் ‘பிராண்ட்’ நாடகத்தைப் படித்து, அதற்குத் தொடர்ச்சி போல ‘பிராண்டின் புதல்வியர்’ என்ற நூலை 1869-ல் வெளியிட்டார். வயது இருபது. இப்சன் அவரைப் பாராட்டினார். வானம்பாடி என்று செல்லமாக அழைத்தார். நாடகத்தில் ஹெல்மர் நோராவை அழைக்கும் செல்லப் பெயர்களுள் அதுவும் ஒன்று என்பதை நினைவில் கொள்வோம். லாரா, கீலர் என்ற டென்மார்க்குப் பள்ளியாசிரியரை மணந்தார். கணவருக்குக் காசநோய். தெற்கே அழைத்துச் சென்றால் பிழைப்பார் என்ற நிலை. லாரா கணவருக்குத் தெரியாமல் கடன் வாங்கினார், இத்தாலிக்குச் சென்றனர், கணவர் பிழைத்தார். கடன் பிழைக்கவிட்டதா? அடைக்கும் நாள் நெருங்கியது. அவசர அவசரமாக ஒரு நாவல் எழுதி, பதிப்பாளரிடம் பரிந்துரைக்குமாறு 1878-ல் இப்சனுக்கு அனுப்பினார். நூல் தரமாயில்லை என்று இப்சன் மறுத்துவிட்டார். எந்தத் துன்பமாயினும் கணவரிடம் சொல்லிவிடுவதே முறை என்று அறிவுரையும் எழுதினார். வழியற்ற லாரா, கள்ளக் கையொப்பமிட்டுப் பணம் பெற முயன்றார். வெளிப்பட்டது. பிழைத்த கணவர் என்ன செய்தார் தெரியுமா? குற்றவாளி என்றார், தாயாக இருக்கத் தகுதியற்றவள் என்றார், குழந்தைகளைப் பிரித்தார். மனம் உடைந்த லாரா ஒரு திங்கள் அளவு மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டார்.

வெளியே வந்த லாரா எங்கே போனார்? கணவர் வீட்டுக்கே திரும்பினார். குழந்தைகள் அங்கே இருந்தனர். ஏற்றுக்கொள்ளுமாறு கெஞ்சித்தான் திரும்ப வேண்டியிருந்தது.

நாடகத்து நோரா போனாள். நாட்டிலிருந்த லாரா திரும்பினாள். இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கும் தொலைவுதான் அக்காலத்துப் பெண்ணுரிமையின் வரலாறு. இப்சன் அந்தத் தொலைவை அறிந்தே தாண்டினார் என்று நாம் கருதுகிறோம். நடந்ததை அப்படியே காட்டியிருந்தால் கண்ணீர் வந்திருக்கும். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பர். மூன்றாம் அங்கத்தில் அவர் செய்தது வேறு. பத்திரம் குரோக்ஸ்டாடிடமிருந்து திரும்பி வந்துவிடுகிறது. இடர் நீங்கிவிட்டது. ஹெல்மர், சற்றுமுன் மனைவியைத் தூற்றிய அதே வாயால், தான் தப்பிவிட்டதாகக் கூத்தாடுகிறான், அவளையும் மன்னித்துவிடுகிறான். பழைய நாடகமாயின் இங்கே திரை. நோராவோ நடன உடையைக் களைந்துவிட்டு வந்து, மேசைக்கு எதிரெதிரே கணவனை உட்காரச் சொல்லிப் பேசுகிறாள். எட்டாண்டுகளில் இருவரும் ஒரு பொருள் பற்றிக் கருத்தூன்றிப் பேசியதே இல்லை என்பதை உணர்த்துகிறாள். கதை முடிந்தபின் வழக்காடும் இந்த முறைதான் புது நாடகத்தின் தொடக்கம் என்று பின்னர் பெர்னார்ட் ஷா எடுத்துக்காட்டினார். அவர் சொன்னது சரி. ஆனால் அந்த வழக்கில் வாதியாக நிற்பவள், பத்திரத்தில் கையொப்பமிட உரிமையற்றவள். அதுதான் வழக்கின் சுவை.

நூல் வடிவில் 1879 டிசம்பர் 4-ஆம் நாள் வெளிவந்த 8,000 படிகளும் ஒரு திங்களுக்குள் தீர்ந்தன. விருந்துகளில் இந்நாடகம் பற்றிப் பேசவேண்டாம் என்று அழைப்பிதழ்களிலேயே குறிக்கவேண்டியிருந்ததாம். ஜெர்மனியில் நடந்ததோ இதனினும் சுவையானது. ஹெட்விக் நீமன்-ராபே என்ற புகழ்பெற்ற நடிகை, தான் ஒருநாளும் தன் குழந்தைகளைவிட்டுப் போகமாட்டாள் என்று கூறி, அந்த முடிவை நடிக்க மறுத்தார். வேற்றுநாட்டு ஆசிரியர்க்கு அன்று அங்கே நூலுரிமைப் பாதுகாப்பில்லை. தாம் மாற்றாவிட்டால் எவனோ ஒருவன் மாற்றிவிடுவான் என்று அஞ்சிய இப்சன், தாமே வேறு முடிவொன்றை எழுதிக்கொடுத்தார். அதில் ஹெல்மர் அவளைக் குழந்தைகள் உறங்கும் அறை வாயிலுக்கு இழுத்துச் செல்கிறான், அவள் சரிந்து விழுகிறாள், போகவில்லை. அம்முடிவைக் காட்டுமிராண்டித்தனம் என்று இப்சனே சொன்னார். 1880 பிப்ரவரியில் அது மேடையேறியது. ஆனால் அடுத்த திங்களே மியூனிக் நகரில் மூலமுடிவோடு நாடகம் நடந்தது. பின்னர் அந்த நடிகையும் மூலமுடிவுக்கே திரும்பினார்.

எந்தத் தாய் குழந்தையை விட்டுப் போவாள் என்று கேட்டார்களே, அவர்களுக்கு விடை அந்த நாடகத்துக்குள்ளேயே இருக்கிறது. நோராவை வளர்த்த, இப்போது நோராவின் குழந்தைகளை வளர்க்கும் செவிலி ஆன்-மேரி, தான் பெற்ற மகளை அயலாரிடம் விட்டுவிட்டுத்தான் இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தாள். ஏமாற்றப்பட்ட ஏழைப்பெண், வேறு வழியில்லை. மகள் கடிதம் எழுதினாள், இரண்டே இரண்டு முறை. இதை அவள் முதலிலேயே சொல்லிவிடுகிறாள். ஒரு மதகுருவும் துடிக்கவில்லை. ஒரு நடிகையும் மறுக்கவில்லை. மாற்று முடிவு கேட்டு ஒருவரும் எழுதவில்லை. வங்கி மேலாளர் மனைவி போனால்தான் தாய்மைக்கு இடர்! கூலிக்காரி போனால் அது பிழைப்பு!

இங்கிலாந்து தன் வழக்கப்படி நாடகத்தைச் சவரம் செய்து, பவுடர் பூசி, 1884-ல் ‘வண்ணத்துப்பூச்சியை நசுக்குதல்’ என்ற பெயரில் மேடையேற்றியது. அதில் கணவன் பெருந்தகை. பழியைத் தானே ஏற்கிறான். மனைவி நன்றியோடு தங்கிவிடுகிறாள். நோரா நம்பி ஏங்கிய அந்த அற்புதத்தை ஆங்கிலக் கணவன் நடத்திக் காட்டிவிட்டான், மேடையில்! உண்மை நாடகம் இலண்டனில் 1889 ஜூன் 7-ல்தான் பொதுமேடை கண்டது. அதற்கு முன், 1886 ஜனவரியில், ஒரு வீட்டு அறையில் நண்பர்கள் கூடி அதைப் படித்து நடித்தனர். நோராவாக அமர்ந்தவர் காரல் மார்க்சின் இளைய மகள் எலினார். ஹெல்மராக, அவரோடு திருமணச் சடங்கின்றி வாழ்ந்த எட்வர்ட் ஏவ்லிங். குரோக்ஸ்டாடாக பெர்னார்ட் ஷா. அந்த அறையில் இருந்தோர் எல்லாரும் பழமையைத் துறந்தவர்கள். ஆயினும் 1897-ல் ஏவ்லிங், எலினாருக்குத் தெரியாமல் வேறொரு பெண்ணைச் சட்டப்படி மணந்துகொண்டார். 1898 மார்ச் 31-ல் எலினார் நஞ்சருந்தி இறந்தார். சடங்கை விட்டவனெல்லாம் ஆதிக்கத்தை விட்டவனல்லன் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று நமக்குத் தெரியாது.

நோரா போனதைக் கண்டித்தவர்களுக்கு இப்சன் 1881-ல் விடையளித்தார். போகக்கூடாது என்கிறீர்களா, சரி, போகாதவளைப் பாருங்கள் என்று ‘ஆவிகள்’ நாடகத்தைக் கொண்டுவந்து வைத்தார். ஆல்விங் அம்மையார், தாயும் அத்தையரும் கணக்குப் போட்டுச் சொல்லியபடி, செல்வனை மணந்தவர். ஓராண்டில் அவன் ஒழுக்கக்கேடு பொறாமல், தாம் விரும்பிய மாண்டர்ஸ் பாதிரியாரிடம் ஓடினார். மனைவியின் கடமையை ஓதி அவரைத் திருப்பி அனுப்பிவைத்தார் பாதிரியார். அதைத் தம் வாழ்வின் பெருவெற்றி என்றும் கருதினார்! தங்கினார் அம்மையார். கணவன் வீட்டுப் பணிப்பெண்ணைக் கெடுத்தான்; மறைத்தார். மகனை ஏழு வயதில் அயலூருக்கு அனுப்பினார். கணவன் செத்தபின் அவன் பெயராலே அனாதை இல்லம் எழுப்பினார். அந்த இல்லத்துக்குத் தீக்காப்பீடு செய்தால் கடவுள்மீது நம்பிக்கையில்லை என்று ஊரார் சொல்வரே என்று பாதிரியார் அஞ்சியதால் காப்பீடு செய்யவில்லை. அன்றிரவே அது எரிந்து சாம்பலாகிறது. இறுதியில், தந்தையிடமிருந்து பெற்ற நோயால் அறிவழியும் மகனுக்கு முன்னால், கையில் நஞ்சோடு நிற்கிறாள் தாய். குடும்ப மானம் காத்தவளுக்குக் கிடைத்த பரிசு!

இம்முறை வந்த எதிர்ப்பு, முன்னதை விளையாட்டாக்கிவிட்டது. ஸ்காண்டிநேவிய அரங்குகள் மறுத்தன. நூலின் 10,000 படிகளில் பெரும்பகுதியைக் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினர். அடுத்த பதிப்புக்குப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. முதன்முதலாக அது மேடையேறியது எங்கே? கடல் கடந்து, சிகாகோ நகரில், 1882 மே திங்களில், பிழைக்கப் போன நாட்டவர் முன்னால். இலண்டனில் 1891-ல் நடந்தபோது ஒரு நாளேடு அதைத் திறந்த சாக்கடை என்று வைதது. சாக்கடையைத் தோண்டியவன் யார், அதன்மீது கம்பளம் விரித்தவன் யார் என்று அந்த ஏடு கேட்கவில்லை.

கற்பு என்பது பெண்ணுக்கு மட்டுந்தானா என்ற கேள்வியையும் நார்வே மேடைதான் நேரே எழுப்பியது. பியோர்ன்சன் எழுதிய ‘கையுறை’ 1883-ல் வந்தது. மணம் பேசப்பட்டவனின் பழைய தொடர்பை அறிந்த ஸ்வாவா என்ற பெண், தன் கையுறையைக் கழற்றி அவன் முகத்தில் வீசுகிறாள். ஆணுக்கும் அதே அளவுகோல் வேண்டும் என்பது கட்சி. நாடகமாக அது இப்சனுக்கு ஈடில்லை, பேச்சு மிகுதி. ஆனால் அந்தக் கையுறை நார்வேயின் நடுத்தர வீடுகளில் பல ஆண்டுகள் கீழே விழவே இல்லை.

இவையெல்லாம் வசதியுள்ள வீடுகளின் கதை, ஆடவர் எழுதியவை என்று சொல்வோர் உண்டு. நியாயமான குறை. அவர்கள் பின்லாந்தைப் பார்க்கவேண்டும். அங்கே மின்னா காந்த் என்ற பெண், 1844-ல் பிறந்தவர், ஆசிரியப் பயிற்சிக்குச் சென்று, ஆசிரியரொருவரை மணந்ததால் படிப்பை விட்டவர். 1879-ல், நோரா மேடையேறிய அதே ஆண்டில், கணவர் இறந்தார். ஏழாவது குழந்தை வயிற்றில். குவோபியோ நகருக்குச் சென்று, தந்தையின் துணிக்கடையை ஏற்று நடத்தி, எழுவரையும் வளர்த்து, கடைக்கணக்குக்கும் சமையலுக்கும் நடுவில் நாடகம் எழுதினார். கைம்பெண் ஆனதால்தான் அவர் பெயரில் கடை நடத்த முடிந்தது என்பதை வாசகர் மறக்கலாகாது.

அவருடைய ‘தொழிலாளியின் மனைவி’ 1885 ஜனவரியில் ஹெல்சிங்கியில் மேடையேறியது. யோஹன்னா என்ற உழைப்பாளிப் பெண், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு ரிஸ்டோ என்பவனை மணக்கிறாள். மணநாள் கழிந்ததும் அந்தப் பணம் சட்டப்படி அவன் பொறுப்பு. குடிக்கிறான். பணம் தீர்கிறது. பிறர்க்காக அவள் நெய்துவைத்த துணியையும் எடுத்து விற்றுக் குடிக்கிறான். திருடி என்ற பழி அவளுக்கு. நொந்து சாகிறாள். ரிஸ்டோவால் முன்பே கைவிடப்பட்ட நாடோடிக் குலத்துப் பெண் ஹோம்சாந்து, துப்பாக்கியால் அவனைச் சுட முயன்று பிடிபடுகிறாள். இழுத்துச் செல்லப்படும்போது, உங்கள் சட்டத்தையும் நீதியையுந்தான் சுட்டிருக்கவேண்டும் என்னும் கருத்துப்பட முழங்குகிறாள். அங்கே கடிதப்பெட்டி இல்லை, நடன உடை இல்லை, எதிரெதிரே உட்கார்ந்து பேச நாற்காலியும் இல்லை. கதவு உண்டு, ஆனால் போக இடமில்லை, கையில் காசில்லை, காசு குடிக்கடையில் இருக்கிறது, சட்டத்தின் ஒப்புதலோடு. நாடகத்தின் கலைநயத்தில் இப்சன் உயர்ந்தவர். துன்பத்தின் அடிமட்டத்தைத் தொட்டவர் காந்த் அம்மையார் என்பது நம் கருத்து. மணமான பெண் தன் உழைப்பால் ஈட்டியதைத் தானே ஆளலாம் என்ற சட்டம் பின்லாந்தில் 1889-ல் வந்தது. கணவனின் காப்பாளர் பதவி முற்றும் ஒழிந்ததோ 1930-ல்!

நார்வேயில் 1884-ல் பெண்ணுரிமைக் கழகம் தோன்றிற்று. அவ்வாண்டே, மணமான பெண்ணுக்குத் தனிச்சொத்துரிமை வேண்டும் என்ற மனு நாடாளுமன்றத்துக்குப் போயிற்று. கையொப்பமிட்டவர்கள் நாட்டின் தலைசிறந்த நான்கு எழுத்தாளர்கள்: இப்சன், பியோர்ன்சன், லீ, கீலான்ட். இத்தகைய சட்டத்தைப் பற்றி ஆடவரிடம் கருத்துக் கேட்பது, ஆட்டுமந்தைக்குக் காவல் வேண்டுமா என்று ஓநாய்களிடம் கேட்பது போலாகும் என்ற பொருளில் இப்சன் அப்போது எழுதினார். நோராவுக்கு இல்லாத கையொப்ப உரிமைக்காக, அவளைப் படைத்தவர் இட்ட கையொப்பம் அது. 1888-ல் சட்டம் வந்தது. மணமான பெண் வயது வந்தவளாக ஏற்கப்பட்டாள். தன் உழைப்பின் ஊதியம் அவளுடையதாயிற்று. ஆனால் பொதுச்சொத்தின் ஆட்சி, தனி உடன்படிக்கை இல்லாதவிடத்து, கணவனிடமே நின்றது. அது சமமாக மேலும் நாற்பதாண்டு, 1927 வரை, காத்திருக்கவேண்டியிருந்தது. வாக்குரிமை 1913-ல்.

1898 மே 26-ல், எழுபது வயது நிறைந்த இப்சனுக்கு அந்தப் பெண்ணுரிமைக் கழகம் விருந்தளித்தது. எழுந்து நின்ற கிழவர், தாம் பெண்ணுரிமைக்கெனப் பணியாற்றியதாகத் தெரியவில்லை என்றும், மாந்தரைச் சித்திரிப்பதே தம் வேலை என்றும் கூறி, தாய்மார்களின் கடமை பற்றியும் சில சொல்லி அமர்ந்தார். கூட்டத்தார்க்கு ஏமாற்றம். இதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா, அவரே மறுத்துவிட்டார் என்று குதிப்போர் இன்றும் உளர். 1884-ன் மனுவில் இருக்கும் மையை 1898-ன் விருந்துப் பேச்சு அழித்துவிடுமா?

நோரா கீழ்த்திசைக்கும் நடந்தாள். 1918 ஜூன் திங்களில் சீனாவின் ‘புதிய இளைஞர்’ இதழ் இப்சனுக்கெனச் சிறப்பிதழ் வெளியிட்டு, நாடகத்தைச் சீனத்தில் தந்தது. பெற்றோர் பேசிமுடித்த மணத்தை எதிர்த்து வீட்டை விட்டு வெளியேறிய பெண்கள் பலர் தம்மை நோரா என்றே எண்ணினர். அந்த வேளையில், 1923 டிசம்பர் 26-ல், பீக்கிங் பெண்கள் உயர் ஆசிரியப் பள்ளியில் பேசிய எழுத்தாளர் லூ சுன், கைதட்டலுக்காகப் பேசவில்லை. வெளியேறிய நோரா என்ன ஆவாள்? ஒன்று சீரழிவாள்; இன்றேல் திரும்பி வருவாள். அவளுடைய கைப்பையில் பணம் இருக்கவேண்டும். பொருளுரிமை இன்றேல் விழிப்பு வேதனையே என்று அந்த மாணவியர்க்கு எடுத்துரைத்தார். கதவைப் பார்த்துக் கைதட்டிய உலகில், கைப்பையைப் பார்த்தவர் அவர்.

திரும்பி வந்த லாரா கீலர் நெடுநாள் வாழ்ந்தார். எழுத்தாளராகப் புகழும் பெற்றார். ஆனால் போன இடமெல்லாம் இவள்தான் நோரா என்று விரல் நீட்டினர். மூடிவைத்த காயத்தை நாடகம் நாள்தோறும் திறந்தது. அவள் கதையன்று இது என்று ஒரு சொல் இப்சன் வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம், அவர் சொல்லவில்லை. 1932-ல் லாரா மறைந்தார். அவர் வாழ்ந்த டென்மார்க்கில், மணமான பெண் தன் ஊதியத்தைத் தானே ஆளும் உரிமை 1880-ல், அவருடைய கடன் வெளிப்பட்டு இரண்டாண்டுகளுக்குள், வந்தது. கணவன் ஒப்புதலின்றித் தன் பெயரில் தானே ஒரு பத்திரத்தில் கையொப்பமிடும் முழு உரிமையை அந்நாட்டுச் சட்டம் வழங்கியது 1899-ல். லாராவுக்கு அப்போது வயது ஐம்பது.